மஞ்சள் மூக்கு ஏன் கறுத்தது?

சென்ற மாதம் வாசகர் ஒருவர் இரண்டு பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை அனுப்பியிருந்தார். இரண்டிலும் ஏதோ ஒரு வயல்வெளி ஓடுதளத்தில் நிற்கும் ஜெர்மன் சண்டை விமானம். 1940இன் இலையுதிர் காலம் என்று அடிக்குறிப்பு சொல்கிறது. பக்கவாட்டில் 7 என்ற எண். முதல் படத்தில் விமானத்தின் மூக்கு கரி பூசியதுபோலக் கறுத்திருக்கிறது. இரண்டாவதில் அதே மூக்கு சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருக்கிறது. "இரண்டும் ஒரே விமானம் என்று போட்டிருக்கிறார்கள். கதை விடுகிறார்களா?" என்பது அவர் கேள்வி.

விமானம் எது என்பதில் குழப்பமில்லை. மெஸ்ஸர்ஷ்மிட் 109, அதில் ஈ வகை. இறக்கை நுனி கத்தியால் நறுக்கியதுபோலச் சதுரமாக முடிகிறது. வால் இறக்கைக்கு அடியில் சாய்வாக ஒரு முட்டுக்கம்பி நிற்கிறது. அடுத்து வந்த எஃப் வகையில் இரண்டும் இருக்காது; நுனி வளைந்துவிடும், முட்டுக்கம்பி போய்விடும், மூக்கு உருண்டு திரண்டுவிடும். ஈ வகைக்கு முந்தியவற்றில் எஞ்சின் வேறு; மோவாய்போல ரேடியேட்டர் மூக்குக்கு அடியில் தொங்கும். ஈ வகையில் அது இரண்டாகப் பிரிந்து இறக்கைகளுக்கு அடியில் போய்விட்டது. இவ்வளவு தெரிந்தால் பாதிப் படங்களை வகை பிரித்துவிடலாம்.

மீதிப் பாதிதான் உயிரை வாங்கும். 1935இல் முதன்முதலாகப் பறந்த இந்த விமானம் போர் முடிவதற்குள் 33,000க்கும் மேல் செய்யப்பட்டது. போர் நடுவிலேயே மாற்றிக்கொண்டே போனார்கள். ஜி-6 வகையை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மேல் இருந்த 7.92 மில்லிமீட்டர் துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு 13 மில்லிமீட்டர் துப்பாக்கிகளை வைத்தார்கள். அவற்றின் பின்பகுதி பெரிது, மூடிக்குள் அடங்கவில்லை. மூடியைப் புதிதாக வடிக்க நேரமில்லாமல், இடிக்கும் இடத்தில் இருபக்கமும் உருண்டையாக ஒரு புடைப்பை வைத்து மூடிவிட்டார்கள். ஜெர்மானியர் அதற்கு வைத்த பட்டப்பெயரே 'வீக்கம்' என்பதுதான். படத்தில் விமானி அறைக்கு முன்னால் நெற்றியில் அடிபட்டதுபோல வீங்கியிருந்தால் 1943 அல்லது அதற்குப் பிந்தையது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் கடைசியாக வந்த ஜி-6ஐயும் முதலில் வந்த ஜி-14ஐயும் வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. வால் மேல் பொடி எழுத்தில் இருக்கும் தொழிற்சாலை எண் தெரிந்தால்தான் உண்டு.

படம் இடவலமாக மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஈ வகை முதல் எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாய்வாய் மூக்கின் இடப்பக்கத்தில்தான் இருக்கும். அது வலப்பக்கம் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள் என்று பொருள். நம்மை ஏமாற்றக்கூடியது இன்னொன்றும் உண்டு. போருக்குப் பின் ஸ்பெயின் நாடு இதே விமானத்தில் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்டது. தொங்கும் தாடை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1935இல் முதல் 109 பறந்ததும் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினில்தான். பிறந்ததும் முடிந்ததும் எதிரி வீட்டு எஞ்சினில்!

சரி, மூக்குக்கு வருவோம். 1940 ஆகஸ்ட் இறுதியிலிருந்து, இங்கிலாந்துக் கால்வாயை ஒட்டியிருந்த ஜெர்மன் சண்டை விமானங்கள் பலவற்றின் மூக்கில் பளிச்சென்ற மஞ்சள் வண்ணம் பூசினார்கள். தம் ஆட்களே தம்மைச் சுட்டுவிடக்கூடாது என்பதற்காக. மஞ்சள் நம் கண்ணுக்கு வெளிச்சமான நிறம். அது படத்தில் எப்படிக் கறுக்கும்?

பழைய ஸ்டுடியோக்களின் இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள். சிவப்பு வெளிச்சத்தில் போட்டோத் தாள் கெடாது. அதற்குச் சிவப்பு கண்ணே தெரியாது. வீட்டில் மாட்டியிருக்கும் கொள்ளுப்பாட்டி படத்தில் நெற்றிக் குங்குமம் மைப்பொட்டுபோல இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதே கதைதான் இதுவும்.

பிலிமில் வெள்ளி புரோமைடின் நுண்படிகங்கள் பூசப்பட்டிருக்கும். ஒளித்துகள் ஒன்று படிகத்தில் மோதி ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிட வேண்டும். அந்த எலக்ட்ரானை வெள்ளி அயனி ஒன்று பிடித்துக்கொண்டு வெள்ளி அணுவாகும். இப்படிச் சில அணுக்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் போதும், டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசலில் போட்டதும் அந்தப் படிகம் முழுவதும் கறுத்துவிடும். இது நெகட்டிவ்; தாளில் அச்சிடும்போது தலைகீழாகி, ஒளி பதிந்த இடம் வெளுக்கும், பதியாத இடம் கறுக்கும். ஆனால் எலக்ட்ரானைக் கிளப்ப ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவை. அதை ஆளுயர மதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீல ஒளித்துகள் அதைத் தாண்ட வைத்துவிடும். பச்சையால் முடியாது, சிவப்பால் முடியவே முடியாது. சிவப்பு வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. இடுப்புயரம் தாண்டக்கூடியவர்கள் ஆயிரம் பேர் வந்து நின்றாலும் ஆளுயர மதிலை ஒருவர்கூடத் தாண்ட மாட்டார்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. 1873இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற வேதியியலாளர், தம் கையிலிருந்த போட்டோக் கண்ணாடித் தட்டுகள் சிலவற்றில் பச்சை ஒளியும் பதிவதைக் கண்டார். படிகம் மாறவில்லை; கூடச் சேர்ந்திருந்த சாயம்தான் காரணம். சாய மூலக்கூறு படிகத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பச்சை ஒளியை அது விழுங்குகிறது. விழுங்கியதும் அதன் எலக்ட்ரான் துள்ளிப் படிகத்துக்குள் குதித்துவிடுகிறது. மதில் உயரம் குறையவில்லையே, எப்படித் தாண்டியது? சாயத்தின் எலக்ட்ரான் தரையிலிருந்து தாவவில்லை. சாயம் என்பது மதிலோரம் கட்டிய திண்ணை. எலக்ட்ரான் முதலிலேயே திண்ணைமேல் நிற்கிறது, அதனால் சின்னத் தாவல் போதும். எவ்வளவு எளிய தந்திரம்! பிலிமுக்குப் புதிய நிறம் ஒன்றைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க, சரியான உயரத்தில் ஒரு திண்ணை கட்டினால் முடிந்தது.

பச்சைக்குத் திண்ணை கட்டிய பிலிமுக்கு ஆர்த்தோகுரோமாட்டிக் என்று பெயர். சிவப்புக்கும் சேர்த்துக் கட்டியது பான்குரோமாட்டிக். போர்க்காலத்தில் இரண்டுமே கடையில் கிடைத்தன. ஆக்ஃபா நிறுவனமே ஐசோகுரோம் என்று முதல் வகையையும் ஐசோபான் என்று இரண்டாம் வகையையும் விற்றது. சிப்பாயின் பெட்டிக் கேமராவில் எது இருந்தது என்பது அவன் பையில் இருந்த காசைப் பொறுத்தது.

மஞ்சள் வண்ணம் நீலத்தை விழுங்கிவிட்டுப் பச்சையையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. ஆர்த்தோ பிலிமுக்கு மிக நன்றாகத் தெரிவது நீலம். அது வரவில்லை. சிவப்பு வந்தும் தெரியவில்லை. கொஞ்சம் பச்சை மட்டும் பதிகிறது. ஆகவே மூக்கு கறுக்கிறது. அதே பிலிமில் விமானத்தின் வெளிர்நீல அடிவயிறு வெள்ளையாகி வானத்தோடு கரைந்துபோகும். எதிர்ப்பக்கத்திலும் இதே கூத்துதான். அந்த ஆண்டு 109களோடு மோதிய பிரிட்டிஷ் விமானங்களின் பக்கவாட்டில் இருந்த வட்டச் சின்னத்தின் மஞ்சள் வளையம் பல படங்களில் கறுப்பாகத் தெரியும். (அந்தப் படைப்பிரிவுகளில் ஒன்றான 234ஆம் ஸ்குவாட்ரனின் பெயரில் 'மெட்ராஸ் பிரசிடென்சி' சேர்ந்திருந்தது; இங்கிருந்து போன நன்கொடையின் அடையாளம்.)

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? ஜெர்மன் சண்டைப் பிரிவுகளில் எண்ணின் நிறம்தான் முகவரி. பொதுவாக ஒவ்வொரு பெரும்பிரிவிலும் முதல் அணிக்கு வெள்ளை, இரண்டாவதற்குச் சிவப்பு, சில சமயம் கறுப்பு, மூன்றாவதற்கு மஞ்சள். ஆர்த்தோ படத்தில் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகிவிடும், மஞ்சளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் நிறம் தெரிந்த ஒன்றைப் படத்துக்குள்ளேயே தேட வேண்டும். வட ஆப்பிரிக்காவில் பறந்தவற்றின் உடலைச் சுற்றி வெள்ளைப் பட்டை இருக்கும். பக்கத்தில் இருக்கும் எண் அந்தப் பட்டையைவிடச் சாம்பலாகத் தெரிந்தால் அது வெள்ளை எண் அல்ல. ஹான்ஸ் யோவாகிம் மார்செய் என்ற விமானி ஓட்டிய 'மஞ்சள் 14' விமானங்களின் படங்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை மனத்தில் வையுங்கள். கேமராவில் மஞ்சள் ஃபில்டர் மாட்டியிருந்தால் எல்லாம் மறுபடி மாறும். ஃபில்டர் நீலத்தைத் தடுத்துவிடுவதால் வானம் இருளும், மஞ்சள் வெளுக்கும். ஆகவே வானத்தையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபப்பட அனுமதி கேட்கிறேன். கணினியைக் கொண்டு வண்ணம் பூசிய பழைய படங்கள் இப்போது கைபேசிதோறும் உலாவுகின்றன. படத்தில் இருக்கும் சாம்பல், சிவப்பிலிருந்து வந்ததா மஞ்சளிலிருந்து வந்ததா என்ற தகவலே நெகட்டிவில் இல்லை. இல்லாததை எந்த நிரலும் தோண்டி எடுக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். கிளி எடுத்துக்கொடுக்கும் சீட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிளியாவது நெல்லோடு திருப்தி அடைகிறது. இப்படி வண்ணம் பூசச் செலவாகும் பணத்தில் பத்தில் ஒரு பங்கைப் பரணில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கும் கண்ணாடி நெகட்டிவ்களைக் காப்பாற்றச் செலவிடலாம். கேட்டால் நிதி இல்லை என்பார்கள்.

வாசகரின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் மூக்கு எவ்வளவு கறுப்போ 7 என்ற எண்ணும் அவ்வளவு கறுப்பு. இரண்டாவதில் மூக்கோடு சேர்ந்து எண்ணும் வெளுத்திருக்கிறது. சிலுவைச் சின்னத்தின் வெள்ளை விளிம்பு மட்டும் இரண்டிலும் அப்படியே நிற்கிறது. முதல் படத்தில் வானம் வெறும் வெள்ளை. இரண்டாவதில் மேகம் பிரிந்து தெரிகிறது. மூக்கும் எண்ணும் மஞ்சள்தான், பிலிம்தான் வேறு அல்லது ஃபில்டர் மாட்டியிருக்கிறார்கள். ஒரே விமானமா என்றால், சுக்கானின் கீழ் ஓரத்தில் நாய்க்காது மடிந்ததுபோல ஒரு சிறு வளைவு இரண்டு படத்திலும் இருக்கிறது. ஆமாம் என்றே அவருக்கு எழுதிவிட்டேன்.