விபாசனா விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாத ஒரு பதில்

"டாக்டர், பத்து நாள் விபாசனா போயிட்டு வரலாமா?" விபாசனா என்ற மௌன தியான முகாம் பற்றி, மனநல மருத்துவர்களான எங்களிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி. பெரும்பாலானோருக்கு என் பதில், தாராளமாகப் போங்க. ஆனால் பழைய ஃபைலைப் புரட்டிப் பார்க்காமல் அதைச் சொல்வதில்லை.

எஸ்.என். கோயங்கா என்ற தியான ஆசிரியரின் மரபில் நடக்கும் முகாம்களில் விடிகாலை நாலு மணிக்கு மணியடிக்கும். தினமும் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். பேச்சு, செல்போன், புத்தகம், பேனா எதுவும் கூடாது. கட்டணமும் கிடையாது. ரிஷிகள் காலத்து ஏற்பாடு என்று நினைக்கிறோம். ஆனால் குடும்பஸ்தர்கள் கூட்டமாகப் போய் உட்காரும் இந்த வழக்கம், ஆங்கிலேயர் ஆட்சிக்கால பர்மாவில் லெடி சயாடோ என்ற பிக்குவின் முயற்சியால் வேரூன்றியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த வழியில் வந்த ஊ பா கின், கோயங்காவின் குரு, அக்கவுண்டன்ட் ஜெனரலாக இருந்தவர். கோயங்கா தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் அவரிடம் போனபோது, நோய் தீர்க்க என்றால் வர வேண்டாம் என்று முதலில் மறுத்துவிட்டாராம். எனக்கு மிகவும் பிடித்த மறுப்பு அது.

ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் சிலர், மாத்திரைக்குப் பதிலாகத்தான் முகாமைத் தேடுகிறார்கள். 1979லேயே ரோஜர் வால்ஷ், லோரின் ரோஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எச்சரித்தார்கள்: ஏற்கெனவே மனச்சிதைவு வந்தவர் மாத்திரையை நிறுத்தி, பட்டினியும் தூக்கக் குறைவுமாகத் தீவிர தியானத்தில் இறங்கினால் நோய் திரும்பலாம். 2020இல் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தியானம் செய்தவர்களில் ஏறக்குறைய எட்டு சதவீதத்தினருக்குப் பதற்றம், மனச்சோர்வு போன்ற தொல்லைகள் பதிவாகியிருந்தன. பயந்து ஓட வேண்டிய எண்ணிக்கை அல்ல. ஒதுக்கித் தள்ளக்கூடியதும் அல்ல.

விண்ணப்பத்தில் மனநலச் சிகிச்சை பற்றி ஒரு கேள்வி இருக்கும். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று 'இல்லை' போடுகிறார்கள். இருதுருவ மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் அப்படி எழுதிவிட்டு, மாத்திரையையும் வீட்டிலேயே விட்டுப் போனால், அங்கே அவரைக் கவனிப்பவருக்கு என்ன தெரியும்? உண்மையை எழுதுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இடம் தர முடியாது என்றால், வீட்டிலேயே தினம் இருபது நிமிடம் உட்காருவது பற்றிப் பேசலாம்.

வீட்டாருக்கு ஒன்று. திரும்பி வந்தவர் இரண்டு ராத்திரி தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தாலோ, இருப்பதை எல்லாம் தானம் செய்யக் கிளம்பினாலோ, ஞானம் வந்துவிட்டது என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.