வல்கன்: எரிமலையே இல்லாத ஊர்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரிக்கும் லெத்பிரிட்ஜுக்கும் இடையே உள்ள சிற்றூர் வல்கன். சுற்றிலும் பிரெய்ரி எனப்படும் புல்வெளிச் சமவெளி. இன்று பெரும்பாலும் கோதுமை வயல். ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் வரும் ஸ்பாக் என்ற பாத்திரத்தின் கோளுக்கும் இதே பெயர் என்பதால், தொடரைப் பார்த்துத்தான் ஊருக்குப் பெயர் வைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தொடர் வெளியானது 1966இல். ஊரோ 1921லேயே நகர அந்தஸ்து பெற்றுவிட்டது. பெயர்ப் பொருத்தத்தை ஊர்க்காரர்கள் பின்னாளில் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். 1995இல் விண்கலச் சிலை வைத்தார்கள். 2010இல் ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாயே நேரில் வந்தார்.

பெயரை வைத்தவர் கனடியன் பசிபிக் ரயில்வேயின் நில அளவையாளர் ஒருவர். குதிரை வண்டியில் தானியம் கொண்டுவரும் விவசாயிக்கு எட்டும் தூரத்தில் ரயில் நிலையங்கள் வேண்டும். அத்தனைக்கும் பெயர் வேண்டும். இன்னொரு நிறுவனமான கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில்வே ஒருபடி மேலே போய், பல இடங்களில் ஆங்கில அகரவரிசைப்படியே பெயரிட்டது. பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவானில் வாட்ரஸ் (W), ஜீனா (X), யங் (Y), ஜெல்மா (Z) என்று வரிசை கடைசி எழுத்தில் முடியும்! வல்கனில் கைகொடுத்தது ரோமானியப் புராணம். தெருக்களுக்குக்கூட முதலில் ஜூபிடர், மார்ஸ், ஜூனோ என்றே பெயர். அப்பகுதியின் பூர்வகுடிகளான பிளாக்ஃபுட் மக்களின் நிலத்துக்கும் இந்தத் தெய்வங்களுக்கும் எந்த ஒட்டுறவும் இல்லை.

ரோமானியரின் வல்கன் நெருப்புக்கு அதிபதி. அதனால் தமிழில் அவரை ‘அக்னி’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அக்னி வேள்வியில் அவியை ஏற்பவன். வல்கன் உலைக்களத்தில் சம்மட்டி பிடிப்பவர், தேவர்களுக்கு ஆயுதம் அடித்துத் தருபவர். நம் புராணங்களில் தேடினால் விசுவகர்மாதான் நெருங்கி வருவார். தமிழில் ‘கொல்லுலைக் கடவுள்’ எனலாம்.

சிசிலிக்கு வடக்கே உள்ள வல்கானோ தீவின் புகையை, வல்கனுடைய உலையின் புகை என்றே ரோமானியர்கள் நம்பினார்கள். அந்தத் தீவின் பெயரிலிருந்துதான் எரிமலையைக் குறிக்கும் ‘வால்கேனோ’ என்ற ஆங்கிலச் சொல் வந்தது. இதற்கு ‘எரிமலை’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது.

இந்தப் பெயரின் இன்னொரு வாரிசை நம்மூர் பஞ்சர் கடைப் பலகையிலேயே பார்க்கலாம்: ‘வல்கனைசிங்’. டயரின் கிழிசலைச் சுரண்டி, பதப்படாத ரப்பர் துண்டை வைத்து, சூடான தகட்டால் இறுக்கிப் பிடிக்கிற வேலை. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று 1839இல் கண்டவர் சார்லஸ் குட்இயர். நெருப்பும் கந்தகமும் சேர்ந்ததால் கொல்லுலைக் கடவுளின் பெயர் ஒட்டிக்கொண்டது. இதைத் தமிழில் சொல்ல, ரப்பருக்கு மட்டும் என்றால் ‘கந்தகமேற்றல்’ போதும். ஆனால் கடைக்காரரிடம் அப்படிக் கேட்டால் விழிப்பார், அங்கே வல்கனைசிங்கே இருக்கட்டும்.

ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ‘வுல்கன்’ என்றும் எழுதுகிறார்கள். ஆங்கில ஒலிப்புக்கு நெருக்கம் ‘வல்கன்’தான்.