கூட்டைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தவர்கள்

மருந்து ஆய்வில் ஒருங்கிணைப்பாளர் வேலை என்றால் பாதி நேரம் மாத்திரை எண்ணுவதுதான். டப்பாவில் மிச்சம் எத்தனை, விழுங்கியது எத்தனை என்று கணக்கு எழுத வேண்டும். போன மாதம் ஒரு பெரியவர் டப்பாவை நீட்டிக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, இதுல மருந்து இருக்கா, வெறும் மாவா?"

"எனக்கும் தெரியாதுங்க, டாக்டருக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வில் சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் போகும்; யாருக்கு எது என்று எங்களுக்கும் சொல்வதில்லை. 1986ல் அமெரிக்காவில் எய்ட்ஸும் அதன் முந்தைய நிலையும் இருந்த 282 பேரிடம் ஏஇசட்டி மருந்தைச் சோதித்தபோது இது உயிர்க்கேள்வி. சிலர் மருந்துத் தூள் அடைத்த கூட்டைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். சிலர் வெளி ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தார்கள். மருந்து கிடைத்தவர் கிடைக்காதவரோடு பங்கு போட்டுக்கொண்டதும் உண்டு. ஆய்வை நிறுத்தியபோது வெற்று மாத்திரைப் பிரிவில் 19 பேர் இறந்திருந்தார்கள். மருந்துப் பிரிவில் ஒருவர். கூட்டைப் பிரித்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் என்னைப் போன்றவர்கள் எண்ணி எழுதும் கணக்குக்கு அங்கே மதிப்பில்லை.

அப்போது எய்ட்ஸ் நோயாளிகளை அதிகம் கொன்றது நிமோசிஸ்டிஸ் நிமோனியா என்ற நுரையீரல் தொற்று. அது வராமல் தடுக்க மருந்து கொடுக்கச் சொல்லி மருத்துவர்களுக்கு அறிவுறுத்துங்கள் என்று 1987ல் மைக்கேல் கேலன் என்ற நோயாளி, அரசு ஆய்வாளர் ஆண்டனி ஃபவுச்சியிடம் கேட்டார். போதிய தரவு இல்லை என்றார் ஃபவுச்சி. சரி, தரவை நாங்களே சேர்க்கிறோம் என்று நியூயார்க்கில் நோயாளிகளும் அவர்களுடைய மருத்துவர்களும் இறங்கினார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவிலும் மருத்துவர்கள் ஓர் ஆய்வில் 408 பேரைச் சேர்த்தார்கள். வெற்று மருந்தே கிடையாது. பென்டமிடின் மருந்தை ஆவியாக உள்ளிழுக்க வைத்து, மூன்று அளவுகளை ஒப்பிட்டார்கள். நான்கு வாரத்துக்கொரு முறை 300 மில்லிகிராம் என்பதே நன்றாகத் தடுத்தது. 1989ல் அரசு அனுமதித்தது அந்தத் தரவை வைத்துத்தான். யாருக்கும் மாவு கிடைக்காத ஆய்வில் கூட்டைப் பிரிக்க என்ன அவசியம்?

மருந்துக்காக இப்படிப் போராடிய நோயாளிகள் சறுக்கியதும் உண்டு. எய்ட்ஸுக்கு உதவும் என்று நம்பி ஜப்பானிலிருந்து வரவழைத்து விழுங்கிய டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் குடலில் சரியாக உறிஞ்சப்படவே இல்லை என்று பிறகு தெரிந்தது. அதைச் சொன்னதும் ஆய்வுதான்.

பெரியவரிடம் அவருடைய ஒப்புதல் படிவத்தை எடுத்துக் காட்டினேன். வெற்று மாத்திரை யாருக்கு என்பதைக் குலுக்கல்போல முடிவு செய்வது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது, நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண், எல்லாம் அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்று படித்தாரா என்று நானும் கேட்கவில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அன்று மாத்திரை எண்ண மதியமாகிவிட்டது.