தண்டவாளத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் எத்தனை வோல்ட்?

"தண்டவாளம் எறும்பு கடிக்குது அப்பாரு" என்று பேத்தி சொல்லியிருக்கிறாள். அப்பாருவும் குனிந்து பார்த்திருக்கிறார். எறும்பு எதுவும் இல்லை. விடிகாலையில் தூறல் போட்டு ஜல்லியெல்லாம் ஈரமாகக் கிடந்திருக்கிறது. இரண்டாம் தரம் அவள் கை வைத்தபோது வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்குள் ஒரு தோட்டத்து வீடு. பெரியவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசலை ஒட்டிய தோட்டத்தில் நான்கு வருடமாகப் பார்த்துப் பார்த்து, கரண்டில் ஓடும் சின்ன மாதிரி ரயிலுக்கு ஒரு பாதை கட்டியிருக்கிறார். நான் மின் வேலை எடுத்துச் செய்பவன். வீடு, மில், கோழிப்பண்ணை என்று 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. தோட்டத்து ரயிலுக்காகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் கோவை, திருப்பூர் பக்கம் இன்னும் சில வீடுகளுக்குப் போய் வந்தேன். போன இடத்தில் எல்லாம் ஒரே வார்த்தைதான் காதில் விழுந்தது: "சின்ன வோல்ட்டுதானுங்க, ஒண்ணும் பண்ணாதுங்க."

பண்ணும். எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் போடுகிற பாதைக்குப் பெரும்பாலும் 45 மில்லிமீட்டர் அகலம் வைப்பார்கள். 1968-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் எல்.ஜி.பி. என்ற பெயரில் வந்த தோட்ட ரயில்கள் பரப்பிய அளவு இது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் 1000 மில்லிமீட்டர் இருக்கும் மீட்டர் கேஜை 22.5 மடங்கு சுருக்கினால் கிட்டத்தட்ட இந்த 45 வரும். நம் ஊட்டி ரயிலும் மீட்டர் கேஜ்தானே! பெரியவர் கட்டியது அதைத்தான். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கி, 1908-இல் உதகை வரை நீண்ட பாதை அது. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏறும் மலை. சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும் என்பதால்தான் நடுவில் பல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். பெரியவரும் மண் மேடு கட்டி, நடுவில் பல் சட்டம் வைத்து, பாதையில் பத்து மீட்டருக்கு 80 சென்டிமீட்டர் ஏற்றியிருந்தார். மொத்தப் பாதையையும் அதே அளவில் போட வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டர் வேண்டும், தோப்பு பத்தாதுங்க என்று அவரே சொன்னார். கல்லாறு ஸ்டேஷன், இரண்டு குகை, ஒரு மரப்பாலம், அதோடு நிறுத்திக்கொண்டார். அவ்வளவு சுத்தமான கைவேலையை நான் பார்த்ததில்லை. அதனால்தான் அன்று மீட்டர் காட்டியதைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

மல்டிமீட்டரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் வைத்தேன். 18 வோல்ட். "பாருங்க தம்பி, நாந்தான் சொன்னேனே" என்றார். சரி என்று ஒரு முனையைத் தண்டவாளத்திலேயே விட்டுவிட்டு, மறு முனையைக் கிணற்று மோட்டாரின் எர்த் கம்பியில் வைத்தேன். மீட்டர் 220-ஐத் தாண்டி நின்றது. சும்மா காட்டுகிற வோல்ட்டாக இருக்கலாம் என்று டெஸ்ட் லேம்ப் கொடுத்துப் பார்த்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது.

அந்தக் குழந்தை காலில் ரப்பர் செருப்பு போட்டிருந்தாள். அவ்வளவுதான் நடுவில் இருந்தது.

காரணம் மோட்டார் ரூமில் இருந்தது. ரயிலோடு வந்த பவர் பெட்டி பழுதாகிப் போனதும், தெரிந்தவர் ஒருவர் காயில் கட்டும் கடையிலிருந்து ஓர் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். குமிழைத் திருப்பினால் வோல்ட் ஏறி இறங்கும் வகை. அதற்குப் பின்னால் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர் ஒன்றை வைத்து ரயிலுக்குக் கொடுத்திருந்தார்கள். வேகம் கூட்டக் குறைக்க அவ்வளவு வாகாக இருக்கும். ஆனால் அதற்குள் இருப்பது ஒரே காயில். அந்த ஒரே காயிலில் பாதியில் ஒயர் எடுத்து வெளியே கொடுக்கிறார்கள். ஈபி லைனுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் எந்தப் பிரிவும் கிடையாது. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் பொதுவான முனை நியூட்ரல் பக்கமாக இருந்தால் தண்டவாளம் மண்ணிலிருந்து சில வோல்ட்தான் மேலே நிற்கும். ஃபேஸ் பக்கம் பொதுவாகிவிட்டால், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் அதே 18 இருக்கும், ஆனால் இரண்டுமே மண்ணிலிருந்து 200-க்கு மேல் நிற்கும்.

எது எந்தப் பக்கம் என்று முடிவு செய்தது அந்த இரண்டு முள் பிளக்தான். திருப்பிச் செருகிப் பார்த்தேன். மீட்டர் இறங்கிவிட்டது. மூன்று மாதமாக ஒன்றும் ஆகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். முந்தின நாள் மருந்தடிக்கும் மெஷினுக்கு சார்ஜ் போட யாரோ பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகும்போது மாற்றிச் செருகியிருக்கிறார்கள். அதில் தப்பு யாருடையதும் இல்லை. அந்தப் பிளக்கை எந்தப் பக்கமும் செருகலாம்.

இன்னொன்றும் அன்றைக்கு விசாரித்ததில் தெரிந்தது. முதலில் இதே பெட்டியை வீட்டுத் திண்ணையில்தான் வைத்திருக்கிறார்கள். செடிக்குத் தண்ணீர் விட்ட காலைகளில் கரண்ட் கசிந்தால் லைனைத் தானே துண்டிக்கும் சுவிட்சான வீட்டு ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்திருக்கிறது. தொந்தரவாக இருக்கிறதென்று லைனை மோட்டார் ரூமுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே ஆர்.சி.சி.பி. இல்லை. விவசாய இணைப்பை இதற்கெல்லாம் எடுக்கக் கூடாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கத்திக் கத்தி எச்சரித்த ஒன்றை விட்டு விலகி வந்திருக்கிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆர்.சி.சி.பி. செய்யும் வேலை எளிது: ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்க்கும். வீட்டுக்குப் போடும் 30 மில்லிஆம்பியர் வகை, அந்த அளவு வேறு வழியில் மண்ணுக்குப் போனால், ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆவதற்குள் விழுந்துவிடும். மழைக்கு விழுகிறது என்றால் மழைக்கு எங்கோ கசிகிறது என்று அர்த்தம். எங்கே என்று தேடுங்கள். விழாத லைனைத் தேடாதீர்கள்.

தோட்ட ரயிலுக்கு வேண்டியது தனித்தனியாக இரண்டு காயில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர். ஈபி கரண்ட் ஒரு காயிலில் சுற்றி வரும், ரயிலுக்குப் போவது இன்னொரு காயிலில். இரண்டுக்கும் நடுவில் காந்தம் வழியாகத்தான் உறவு, செம்பு வழியாக இல்லை. கடையில் "ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், டபுள் வைண்டிங்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். கோவையில் காயில் கட்டும் கடைக்குப் பஞ்சமில்லை, நல்ல கைகாரர்கள் இருக்கிறார்கள். ஆனால் "18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்" என்று மட்டும் கேட்டால், எதற்கு என்று தெரியாமல் அவர்கள் எதையும் கட்டித் தரலாம். வாங்கியதும் எங்கும் செருகாமல், மீட்டரை ஓமில் வைத்து, உள்ளே போகும் முனை ஒன்றிலும் வெளியே வரும் முனை ஒன்றிலும் வைத்துப் பாருங்கள். எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. சில ஓம் காட்டினால் அது ஒரே காயில், ரயிலுக்கு ஆகாது. காயில்களுக்கு நடுவே இன்சுலேஷன் தாங்குமா என்று உங்கள் ஒயர்மேன் 500 வோல்ட் மெகரில் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. டெஸ்ட் லேம்ப் வேலையையும் அவரிடமே விடுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். 230 வோல்ட் சுவருக்கு உள்ளேயே நிற்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வீட்டுக்குள், குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில், மூன்று முள் பிளக்கோடு, அதன் இரும்பு உடம்புக்கு எர்த்தோடு இருக்கட்டும். தோட்டத்துக்கு வருவது 24 வோல்ட்டுக்குள் உள்ள டி.சி. ஒயர் மட்டும். விளையாட்டுப் பொருள்களுக்கான மின் பாதுகாப்பு விதியும் இந்த 24-ஐத் தாண்ட விடுவதில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து வந்து, மேலே பாலிதீன் பையைப் போர்த்தி, கல்லுக்கு அடியில் வைப்பதை நான் மூன்று வீட்டில் பார்த்துவிட்டேன். பைக்குள் இரவெல்லாம் வியர்த்து, காலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நிற்கும். பாலத்துக்கு அடியில் மீன் குளம் வைத்து 230 வோல்ட் பம்ப் போடுவதும் அதே கதைதான். குளத்துக்கு 12 அல்லது 24 வோல்ட் பம்ப் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.

பெரியவருக்கு இன்னொரு குறை இருந்தது. பல் சட்டம் தொடங்கும் இடத்தில் ரயில் மூச்சு வாங்குகிறது, அங்கே இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரை இதோடு சேர்த்துக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். நல்ல வேளை, கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தார். இரண்டு டிரான்ஸ்ஃபார்மரின் ஏ.சி. பக்கத்தை ஒன்றாகக் கோர்த்துவிட்டு, ஒன்றின் பிளக்கை மட்டும் பிடுங்கினால், ஓடிக்கொண்டிருக்கும் மற்றது அதைப் பின்புறமாக ஓட்டும். 18 வோல்ட் உள்ளே போய், கையில் பிடித்திருக்கும் பிளக்கின் முள்ளில் 230-க்குப் பக்கமாக வெளியே வரும். பிடுங்கிய பிளக்கில் கரண்ட் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

ரயில் மூச்சு வாங்கியதற்குக் காரணம் ஒயர். 25 மீட்டர் தூரம், போக வர 50 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் அது சுமார் ஒரு ஓம். ஏற்றத்தில் 3 ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட் ஒயரிலேயே தீர்ந்துவிடுகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் மாற்றி, பி.வி.சி. பைப்புக்குள் இழுத்து, பாதைக்கு மூன்று இடத்தில் சப்ளை கொடுத்தோம். டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று. பெட்டி தடம் புரண்டு இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே விழுந்தால், ஃப்யூஸ் இல்லாத இடத்தில் தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டைகள் உருகிவிடும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். தோட்ட ரயிலுக்குப் பித்தளைத் தண்டவாளம்தான் வழக்கம். பத்து மீட்டர் பித்தளை, மார்கழி விடிகாலைக்கும் சித்திரை உச்சிவெயிலுக்கும் நடுவில் 40 டிகிரி ஏறினால், ஏழரை மில்லிமீட்டர் நீளும். இடைவெளி விடாமல் இறுக்கிப் போட்டால் பாம்பு போல நெளிந்துவிடும். இடைவெளி விட்டாலோ இணைப்புத் தகடு நாளடைவில் தளரும். தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், கறுக்கும், கட்டை இளகும். அதனால் ஒவ்வொரு இணைப்புக்கும் குறுக்கே சிறு ஒயர் ஒன்றைத் தொங்கலாக விட்டு சால்டர் வைத்து ஒட்டிவிடுங்கள், தண்டவாளம் நீண்டு சுருங்கினாலும் கரண்ட் அந்த வழியாகப் போய்விடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் வாரம் ஒரு தரம் மேல்பக்கத்தைத் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் பிடிக்கும்.

கரிசல் மண் தோட்டமாக இருந்தால் பாதையை மண்ணின் மேல் போடாதீர்கள். மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கும் மண் அது. கீழே பிடிமானமான மண் வரை தோண்டிக் கல் கால் ஊன்றி, அதன் மேல் சிலாப் வைத்துப் போட வேண்டும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வெற்றுப் பெட்டியைத் தள்ளிவிடும். பெட்டியின் அடியில் கொஞ்சம் ஈயம் வைத்தால் நிற்கும். எலியும் அணிலும் ஒயரைக் கடிக்கும் என்பதால் பைப்பின் வாயை அடைத்துவிடுங்கள். குகைக்குள் தடம் புரண்ட பெட்டியை எடுக்கக் கை விடாதீர்கள், குச்சியும் டார்ச்சும் வேண்டும். குளிர்ச்சியான இருட்டுப் பொந்து என்றால் கட்டுவிரியனுக்கும் கண்ணாடி விரியனுக்கும் நாம் கட்டிக்கொடுத்த வீடு மாதிரிதான்.

தண்டவாளத்தில் கரண்டே வேண்டாம் என்று எஞ்சினுக்குள் பேட்டரி வைப்பவர்களும் உண்டு. ஷாக் பயம் போய்விடும், நல்ல வழிதான். ஆனால் லித்தியம் பேட்டரியைத் தகரக் கொட்டகையில் வெயிலில் வைக்கக் கூடாது, இரவெல்லாம் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. உப்பிய பேட்டரியை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். இடி இடித்தால், கோடை மழையானாலும் ஐப்பசி மழையானாலும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரயிலை விட்டு வீட்டுக்குள் வந்துவிடுங்கள்.

கார்த்திகையில் அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போயிருந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் திண்ணைக்கு உள்பக்கம் அலமாரியில் இருந்தது. பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு மூன்று கட்டம்: தேதி, தண்டவாளத்துக்கும் எர்த்துக்கும் நடுவில் வோல்ட், ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்கியதும் விழுந்ததா. மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் எழுதியிருக்கிறார்கள். முதல் இரண்டு வரி பெரியவர் கையெழுத்து. மூன்றாம் வரியிலிருந்து எழுத்து பெரிதாக, கொஞ்சம் சாய்ந்து இருந்தது. மீட்டரை அப்பாரு பிடிக்கிறார், பேத்தி படித்துச் சொல்லி எழுதுகிறாளாம்.