கிரெஷெண்டோ என்றால் சத்தம் அல்ல

இசைத் தியரி தாளில் "கிரெஷெண்டோ என்றால் என்ன?" என்று கேட்டால் "படிப்படியாகச் சத்தம் கூடுவது" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிற பிள்ளை, பியானோ முன்னால் உட்கார்ந்து அதே சொல்லைக் கண்டதும் ஓங்கி அடிக்கிறது. கூடவே வேகமும் ஏறிவிடுகிறது. தேர்வு வாரியம் டிரினிட்டியோ ஏபிஆர்எஸ்எம்மோ, கிரேடு தேர்வு நெருங்கும்போதெல்லாம் இதே கதை. இந்தப் பருவமும் அப்படியே. மனப்பாடம் செய்த பொருள் தாளோடு நின்றுவிட்டது, கைக்கு வந்து சேரவில்லை. வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் போதாது என்று தெரிந்துவிட்டதால் எழுதியே வைக்கிறேன்.

ஒரு சின்ன இலக்கணத்தில் பாதிச் சிக்கல் தீரும். ஃபோர்ட்டே ஒரு நிலை: பலமாக. பியானோவும் (கருவி அல்ல, ஒலிக்குறி) ஒரு நிலை: மெல்ல. கிரெஷெண்டோ நிலை அல்ல, நடந்துகொண்டிருக்கும் வேலை: 'வளர்ந்துகொண்டு'. இத்தாலியில் ஆண்டோ, எண்டோ என்று முடிகிற சொற்கள் நம்முடைய 'கொண்டு' போல. டிமினுயெண்டோ, குறைந்துகொண்டு. அச்செலெராண்டோ, விரைந்துகொண்டு. ரல்லெண்டாண்டோ, மெதுவாகிக்கொண்டு. வளரப் போகிற ஒன்று சின்னதாகத்தானே தொடங்கும்? ஆகவே கிரெஷெண்டோ என்று அச்சிட்டிருக்கிற இடம்தான் அந்தப் பகுதியிலேயே மெல்லிய இடம். டிமினுயெண்டோ என்று போட்டிருக்கிற இடத்தில் ஒலி இன்னும் முழுப் பலத்தோடு இருக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பியானோ கலைஞரும் நடத்துநருமான ஹான்ஸ் ஃபொன் பியூலோ "கிரெஷெண்டோ என்றால் பியானோ, டிமினுயெண்டோ என்றால் ஃபோர்ட்டே" என்று மாணவர்களிடம் சொன்னதாக ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் நோட்டிலேயே பலத்தைக் கொட்டிவிட்டால் வளர்வதற்கு மேலே இடமே இல்லை.

சொல்லுக்குப் பதில் கொண்டை ஊசிபோலத் திறந்துகொண்டு போகும் இரட்டைக் கோடு இருந்தாலும் இதேதான். கண் அதன் அகன்ற வாயில்தான் முதலில் விழும். கூர்முனையைப் பாருங்கள், நீங்கள் இருக்கிற இடம் அது.

பழகும் முறையைச் சொல்கிறேன். நான்கு பார் (நோட்டுத் தாளில் இரண்டு குத்துக்கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதி) நீளத்துக்கு பியானோவிலிருந்து ஃபோர்ட்டேவுக்கு ஒரு கிரெஷெண்டோ, பாருக்கு நான்கு பீட், மொத்தம் 16 பீட் என்று வைத்துக்கொள்வோம். முதலில் போய்ச் சேர வேண்டிய ஐந்தாவது பாரின் முதல் நோட்டை மட்டும் வாசியுங்கள். அதுதான் உச்சம், அதன் அளவு காதில் பதியட்டும். பிறகு முதல் பாரை அதன் மெல்லிய அளவில் தனியாக வாசியுங்கள். இரண்டு முனையும் தெரிந்த பிறகே நடுவை நிரப்ப வேண்டும். முதல் இரண்டு பாரில் ஒலி ஏறுவது வெளியில் கேட்பவருக்குத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. மூன்றாவது பாரின் தொடக்கத்தில் மெட்ஸோ பியானோ (ஓரளவு மெல்ல), நான்காவதில் மெட்ஸோ ஃபோர்ட்டே (ஓரளவு பலமாக), ஐந்தாவதில் ஃபோர்ட்டே. முதல் பாரின் பியானோவையும் சேர்த்து, பென்சிலால் இந்த நான்கு இடத்திலும் எழுத்தைப் போட்டுவிடுங்கள். அதோடு, வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். நான்காவது பாரில் உங்கள் கை மெட்ரோனோமின் தட்டலை முந்தினால் நீங்கள் வாசித்தது கிரெஷெண்டோ அல்ல, அச்செலெராண்டோ. பலமாக அடிக்க விரல் வேகமாக இறங்குகிறது, தாளம் வேகமாகக் கூடாது. இரண்டையும் பிரித்தறிய வேறு குறுக்குவழி எனக்குத் தெரியாது.

வயலின் பிள்ளைகளுக்கு: மெல்லிய முனையில் வில்லைச் செலவழித்துவிடாதீர்கள். தொடக்கத்தில் கொஞ்சம் வில், போகப் போக நீளமும் அழுத்தமும், உச்சத்தில் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கம் சற்று நகர்வு.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். விலை குறைந்த 61 கட்டை கீபோர்டு பலவற்றில் எப்படி அழுத்தினாலும் ஒரே அளவு ஒலிதான் வரும். சிலவற்றில் டச் ரெஸ்பான்ஸ் வசதி (விரல் அழுத்துவதற்கேற்ப ஒலி மாறுவது) இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதில் பழகும் பிள்ளை கிரெஷெண்டோவுக்கு இடது கையை எடுத்து வால்யூம் குமிழைத் திருகுகிறது. அதன்மேல் என்ன குற்றம்? 1700-இல் ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் வாத்தியப் பட்டியலில், பியானோவை உருவாக்கிய பார்த்தொலொமேயோ கிரிஸ்டோஃபொரியின் கருவியைக் குறிக்கும்போதே 'மெல்லவும் பலமாகவும் ஒலிப்பது' என்றுதான் எழுதி வைத்தார்கள். பியானோ என்ற பெயர் அப்படி வந்தது. விரலால் ஒலியை மாற்ற முடியாத கருவியில் இந்தச் சொற்களைக் கற்றுக்கொடுக்க யாராலும் முடியாது. டச் ரெஸ்பான்ஸை இயக்கிவையுங்கள், வால்யூமை நடுவில் நிறுத்திவிட்டுத் தொடாதீர்கள். பிள்ளை வாசித்ததைச் சரிபார்க்கக் கைபேசியில் பதிவுசெய்து அனுப்புவதும் உதவாது. பெரும்பாலான கைபேசிகள் மெல்லியதை உயர்த்தி, பலமானதை அமுக்கிப் பதிவுசெய்கின்றன. அடுத்த அறையில் நின்று கேளுங்கள், வித்தியாசம் கேட்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு பக்கம், டிமினுயெண்டோ வந்ததும் தானாக மெதுவாகிவிடுவது. மெல்லியது என்றால் மெதுவானது என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறதோ! ஒலியும் வேகமும் சேர்ந்தே இறங்க வேண்டும் என்று இசையமைப்பாளர் நினைத்தால் அதற்குத் தனிச் சொற்கள் உண்டு: கலாண்டோ, மொரெண்டோ, ஸ்மொர்ட்ஸாண்டோ. அவை இல்லாத இடத்தில் தாளத்தைத் தொடாதீர்கள். 'ரிட்.' என்ற சுருக்கத்தையும் கவனியுங்கள். பெரும்பாலும் அது ரிட்டார்டாண்டோ, கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாவது. ரிட்டெனூட்டோ என்று முழுதாக எழுதியிருந்தால் 'பிடித்து நிறுத்திய' என்று பொருள், அந்த நோட்டிலேயே வேகம் குறைய வேண்டும். அதன் பிறகு வரும் 'ஆ டெம்போ'வை (பழைய வேகத்துக்குத் திரும்பு) மறந்துவிட்டு மிச்சப் பக்கம் முழுதும் தூங்கி வழிகிற வாசிப்பு தேர்வறையில் மிக அதிகம்.

வேகச் சொற்களில் தவறு வேறு மாதிரி. அண்டாண்டே நிமிடத்துக்கு 76–108 தட்டல், அல்லெக்ரோ 120–168 என்று பல மெட்ரோனோம்களின் முகத்தில் அச்சிட்டிருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். மெல்ட்ஸெல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியது 1815-இல். மோட்ஸார்ட் இறந்தது 1791-இல். அவருடைய அல்லெக்ரோவுக்குள் எந்த எண்ணும் இல்லை. அந்தச் சொல்லுக்கு இத்தாலியில் 'மகிழ்ச்சியான' என்றுதான் பொருள். அண்டாண்டே 'நடக்கிற', லார்கோ 'அகன்ற', அடாஜியோ 'ஆற அமர'. நடக்கிறவர் நிற்கவும் மாட்டார், ஓடவும் மாட்டார். அதைப் புரிந்துகொண்டால் எண் தானே கிடைக்கும். பெத்தோவனே 1817-இல் வியன்னா இசையமைப்பாளர் மோஸலுக்கு எழுதிய கடிதத்தில், மகிழ்ச்சி என்று பொருள்படும் சொல்லை அதற்கு நேர்மாறான இசையின் தலையில் எழுத வேண்டியிருப்பதைக் குறைப்பட்டுக்கொண்டார்.

கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டு வரும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சரளி வரிசையில் இரண்டாம் காலம் முதல் காலத்தின் சரியான இரட்டிப்பு. அண்டாண்டேவுக்கும் அல்லெக்ரோவுக்கும் அப்படி ஒரு கணக்கு உறவு கிடையாது.

வேகத்தை முதல் பாரைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். மோட்ஸார்ட்டின் கே. 545 சொனாட்டா அமைதியாகத் தொடங்கும். ஐந்தாவது பாரிலிருந்து செமிகுவேவர் ஓட்டம், பீட்டுக்கு நான்கு நோட். கிராட்செட் (இங்கே ஒரு பீட்) நிமிடத்துக்கு 120 என்று வைத்தால் நொடிக்கு 8 நோட் வாசிக்க வேண்டும். அது கைக்கு வராவிட்டால் 100-இல் தொடங்குங்கள், நொடிக்கு ஏழுக்கும் குறைவு. மகிழ்ச்சி அதிலும் கேட்கும், தடுமாற்றத்தில் கேட்காது.

எல்லாரும் வாசிக்கிற 'ஃபூர் எலிஸே'யின் தலையில் இருப்பது 'போகோ மோட்டோ', கொஞ்சம் அசைவோடு. ஒலிக்குறி இரண்டு 'பி', அதாவது பியானிஸ்ஸிமோ, மிக மெல்ல. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் இதைப் பிள்ளைகள் ஃபோர்ட்டேயில் பிரெஸ்டோ (மிக விரைவான) வேகத்தில் வாசிக்கிறார்கள். தயவுசெய்து கைதட்டிப் பழக்கிவிடாதீர்கள்.

ஸ்ஃபோர்ட்ஸாண்டோவும் 'ஆண்டோ'வில்தான் முடிகிறது, ஆனால் அது ஒரே நோட்டுக்கு உரிய அழுத்தம், சுற்றியுள்ள ஒலியை வைத்து அளக்க வேண்டியது. பியானோ பகுதிக்குள் வந்தால் பக்கத்து நோட்டைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் போதும்.

கடைசியாக, பெரிய பிள்ளைகளுக்கு. பெத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவின் முதல் பகுதியில் 'சென்ஸா சோர்டினோ' என்று இருக்கும். வயலின்காரர்களுக்கு சோர்டினோ என்றால் ஒலியை மட்டுப்படுத்தப் பிரிட்ஜில் மாட்டும் ம்யூட். இங்கே அது கம்பியின் ஒலியை அடக்கும் டேம்பர். 'டேம்பர் இல்லாமல்' என்றால் வலது பெடலை அழுத்தி வை என்று பொருள். அகராதியை நம்பி 'ம்யூட் இல்லாமல்' என்று எடுத்துக்கொண்டு பெடலே தொடாமல் வறட்சியாக வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். முழுப் பகுதிக்கும் ஒரே அழுத்தாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இன்றைய பியானோவில் ஒலி அந்தக் காலக் கருவியைவிட நீண்டு நிற்பதால் அப்படிச் செய்தால் எல்லாம் குழம்பிவிடும். ஹார்மனி (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின் கூட்டு) மாறும் ஒவ்வொரு இடத்திலும் பெடலை மாற்றுங்கள். பாஸ் நோட்டை (அடியில் வரும் நோட்டை) அழுத்திய பிறகு பாதத்தைத் தூக்கி உடனே மறுபடி இறக்குங்கள். முன்னால் தூக்கினால் பாஸ் அறுந்துவிடும்.