கிள்ளிய கொழுந்தின் வாசனை

கோடை விடுமுறைக்குக் கோத்தகிரிக்கு வந்திருந்த சித்தி மகள், சென்னையில் வாங்கிய புது சென்ட்டை மணிக்கட்டில் தெளித்துக்கொண்டு எல்லார் முகத்துக்கு நேராகவும் கையை நீட்டினாள். "முகர்ந்தால் யார் மாதிரி இருக்கிறது, சொல்லுங்கள்!" தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலை அப்படியே முடிந்துகொண்டு, முதல் பஸ்ஸைப் பிடிக்க விரைகிற ஒரு பெண் எனக்குத் தெரிந்தாள். யாருக்கும் பயப்படாதவள். முப்பது வருடம் கொழுந்து பறித்த பெரியம்மாவோ அவள் கையை இழுத்துப் பிடித்து நன்றாக முகர்ந்துவிட்டு, "இது கவாத்து வெட்டுகிற தோட்டம் அல்லவா? கங்காணி அதட்டுவதுகூடக் கேட்கிறது" என்றார்.

ஒரே துளிதான். எனக்கு ஓர் இளம்பெண், பெரியம்மாவுக்குத் தோட்ட வேலையாட்களை மேற்பார்க்கும் ஒரு கங்காணி. இந்த வித்தியாசம் எங்கே முளைக்கிறது என்பதைச் செடியிலிருந்தே தொடங்கிப் பார்க்க வேண்டும்.

தேயிலைச் செடியில் நிற்கும் கொழுந்தின் அருகே மூக்கை வைத்துப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் வராது. அதையே கிள்ளி, விரல் நுனியில் நசுக்குங்கள். பச்சை வாசனை குப்பென்று ஏறும். அதில் பெரும்பகுதி நசுக்கிய பிறகு தயாராவது. இலையின் செல் சவ்வுகளில் லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது. 18 கார்பன் அணுக்களைச் சங்கிலியாகக் கோத்தது அது. செல் கிழிந்ததும் ஒரு நொதி அந்தச் சங்கிலியில் ஆக்சிஜனை ஏற்றுகிறது. இன்னொரு நொதி அந்த இடத்தில் அறுக்கிறது. 6 கார்பன் கொண்ட சிறு துண்டு ஒன்று காற்றில் கிளம்புகிறது. சிஸ்-3-ஹெக்ஸெனல் என்று அதற்குப் பெயர். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

புல் வெட்டும்போதும், கீரை ஆயும்போதும், அவரைக்காயை ஒடிக்கும்போதும் வருவது இதுவும் இதன் உறவுகளும்தான். செடிக்கு இது தற்காப்பு. காயம்பட்ட இடத்தில் நுண்ணுயிரிகள் பெருகாமல் தடுக்கிறது. இலையைத் தின்னும் புழுவின் உடலில் முட்டையிடும் குளவிகள் சில, இந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே இரையைத் தேடி வருகின்றன. பக்கத்துச் செடிகளும் இதை உணர்ந்து தங்கள் எதிர்ப்புச் சக்தியை முடுக்கிக்கொள்வதுண்டு. நாம் புத்துணர்ச்சி என்று சொல்லி மகிழ்வது ஒரு புண்ணின் வாசனையை. செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டும் நாளில் ஒரு சரிவு முழுவதும் அந்தப் புண் திறந்திருக்கும். பெரியம்மாவின் மூக்கு துல்லியமானது.

பறித்த பசுந்தேயிலையைத் தொழிற்சாலையில் மணிக்கணக்கில் வாட்டுகிறார்கள். பிறகு இலையை நசுக்கும்போது, அதுவரை சர்க்கரையோடு பிணைந்து மணமற்றுக் கிடந்த லினலூல், ஜெரானியால் போன்ற பொருள்கள் விடுபடுகின்றன. பச்சை பின்வாங்கிப் பூமணம் முன்னே வருகிறது. குன்னூரில் தொழிற்சாலை ஓரமாக நடந்து பழகியவர்களுக்கு இந்த மாற்றத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சென்ட் பாட்டிலுக்குள் ஹெக்ஸெனல் நிலைக்காது, சீக்கிரம் உருமாறிவிடும். அதனால் வாசனை வல்லுநர்கள் அதன் நெருங்கிய உறவான இலை ஆல்கஹாலைக் கையாளுகிறார்கள். ஆனால் பச்சை வாசனைக்கு ஒரு முரட்டுத்தனத்தைத் தந்தது வேறொரு பொருள். 1947-இல் பாரிஸில் ஜெர்மைன் செல்லியே என்ற பெண், பால்மெய்ன் நிறுவனத்துக்காக ஒரு சென்ட்டை உருவாக்கினார். ‘பச்சைக் காற்று’ என்று பொருள்படும் அதன் பிரெஞ்சுப் பெயர் தமிழ்க் காதில் ‘வான் வேர்’ என்று விழும். எனக்கு அந்தத் தற்செயலும் பிடித்திருக்கிறது. அதில் அவர் தாராளமாகச் சேர்த்தது கால்பனம் என்ற பிசின். ஈரான் பக்கத்துச் செடி ஒன்றைக் கீறி எடுப்பது. நம் சாம்பாரில் போடும் பெருங்காயமும் அதே ஃபெருலா பேரினத்துச் செடியின் பிசின்தான். ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொல்லலாம். பெருங்காயத்தில் கந்தகச் சேர்மங்கள் ஓங்கி நிற்க, கால்பனத்தின் பச்சை நெடிக்குப் பைரசின் வகைப் பொருள்கள் காரணம். குடைமிளகாயை வெட்டும்போது மூக்கைத் துளைப்பதும் அப்படிப்பட்ட ஒரு பைரசின்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் இரண்டு பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

மலை ஏறினால் இதே சென்ட் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இலை ஆல்கஹால் போன்ற சிறிய மூலக்கூறுகள் எளிதில் ஆவியாகக்கூடியவை. மேட்டுப்பாளையத்துக் கோடை வெயிலில் அவை அவசரமாகப் பறந்துவிடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், கோடையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரியைத் தாண்டாத ஊட்டியில் சற்று நிதானமாகக் கிளம்பும். எந்த ஊரிலும் முதலில் விடைபெறுவது பச்சைதான். கனமான கஸ்தூரி, மர வாசனைகள் தோலில் தங்கிவிடும்.

இனி அந்த இளம்பெண்ணும் கங்காணியும். மூக்கின் உச்சியில் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் நமக்கு இருக்கின்றன. இவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த ஏற்பிகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. ஓஆர்2ஜே3 என்ற மரபணுவின் சில வடிவங்களைக் கொண்டவர்களுக்கு இலை ஆல்கஹால் மங்கலாகவே எட்டும். அப்படிப்பட்டவர் அந்த மணிக்கட்டை முகர்ந்திருந்தால் தோட்டத்தின் பாதி அவருக்குக் காணாமல் போயிருக்கும்.

கண்ணும் காதும் அனுப்பும் செய்தி தலாமஸ் என்ற நிலையத்தில் நின்றுதான் மூளையின் மேற்பகுதிக்குப் போகிறது. வாசனைக்கு அந்த நிறுத்தம் இல்லை. மூக்கின் செய்தியை முதலில் வாங்கும் நுகர்ச்சிக் குமிழிலிருந்து, உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கு நேர்வழி உண்டு. நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸும் வெகு அருகில். அதனால்தான் வாசனையின் பெயர் நினைவுக்கு வருவதற்கு முன்பே, அதோடு சேர்ந்து பதிந்த ஆள் வந்து நிற்கிறார். என் இளம்பெண்ணை நான் சந்தித்ததே இல்லை. சோப்பு விளம்பரங்களும் கல்லூரிக் காலத்துக் காலைகளும் சேர்ந்து வரைந்தவள் அவள். பெரியம்மாவின் கங்காணி ரத்தமும் சதையுமாக இருந்தவர்.

சாயங்காலம் பெரியம்மாவே சித்தி மகளைக் கூப்பிட்டு மறுபடி மணிக்கட்டை முகர்ந்தார். பச்சை முழுவதும் போய், இனிப்பாக ஒரு கஸ்தூரி வாசனை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சற்று நேரம் யோசித்துவிட்டுக் கையை விட்டார்.

"இப்போது யாரும் இல்லை."