வாட், வோல்ட், ஆம்பியர்: எது அலகு, எது சொல்?

மின்சாமான் கடையில் ஒருவர் கேட்டார்: "நம்ம வீட்டுக்கு எத்தனை வாட் கரண்ட் வருகிறது?" கடைக்காரர் அசராமல் "230 வோல்ட்" என்றார். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று, இருவருக்கும் திருப்தி. இரண்டு சொல்லும் 'வ'வில் தொடங்கித் தொலைப்பதால் தமிழ்க் காதுக்கு இந்தத் தடுமாற்றம் இயல்புதான்.

மூன்றுமே ஆட்பெயர்கள். இத்தாலியின் கோமோ நகரில் பிறந்த அலெசாண்ட்ரோ வோல்டா, உலோகத் தகடுகளுக்கு இடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை அடுக்கிச் செய்த மின்கலத்தை 1800இல் உலகுக்கு அறிவித்தார். மின்சாரம் பாயும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும், விலக்கும் என்று 1820இல் காட்டியவர் பிரான்ஸின் ஆம்பியர். 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு இவ்விருவர் பெயரையும் அலகுகளாக ஏற்றது. ஜேம்ஸ் வாட்டின் பெயரை அடுத்த ஆண்டு வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார். வாட் நீராவி எந்திரக்காரர், வீடுகளுக்கு மின்விளக்கு வருமுன்பே மறைந்தவர். தன் எந்திரத்தை விற்பதற்காகக் குதிரையோடு ஒப்பிட்டு, நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓரடி உயர்த்துவது ஒரு குதிரையின் வேலை என்று கணக்கு வைத்தார். அது ஏறக்குறைய 746 வாட். கிணற்று மோட்டாரை இன்றும் நாம் 'எச்.பி.' கணக்கில்தான் வாங்குகிறோம்.

ஆட்பெயரைத் தமிழாக்க வேண்டியதில்லை. வாட் வாட்டாகவே இருக்கட்டும். தமிழில் சொல்ல வேண்டியவை அந்த அலகுகள் அளக்கும் பொருள்கள்: வோல்ட் அளப்பது மின்னழுத்தம், ஆம்பியர் அளப்பது மின்னோட்டம், வாட் அளப்பது மின்திறன். முதல் இரண்டில் சிக்கல் இல்லை. மேல்நிலைத் தொட்டியின் உயரம் தரும் தள்ளுதல் அழுத்தம். குழாயில் நொடிக்கு எவ்வளவு நீர் பாய்கிறது என்பது ஓட்டம்.

மூன்றாவதில்தான் குழப்பம். 'பவர்' என்பதைச் சக்தி என்றும் ஆற்றல் என்றும் வலு என்றும் எழுதியிருக்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் அது வலு. அங்கே சக்தி என்றால் 'எனர்ஜி'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முன்னது திறன், பின்னது ஆற்றல். என் ஓட்டு திறனுக்கே. ஒரே மூட்டையை இருவர் மாடிக்கு ஏற்றினால் செலவாகும் ஆற்றல் ஒன்றுதான். சீக்கிரம் ஏற்றியவர் திறனாளி. வேலை நடக்கும் வேகம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. குதிரைத்திறன் என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியும் இருக்கிறோம். மின்கட்டண அட்டையில் வரும் யூனிட் வேறு: 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அது ஆற்றலின் அளவு. "நாளொன்றுக்கு 500 மெகாவாட் மின்சாரம் செலவானது" என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும்: செலவாவது ஆற்றல், மெகாவாட்டோ திறனின் அலகு.

மாற்றும் கணக்கு சிறியது. அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் திறன். திறனை அழுத்தத்தால் வகுத்தால் ஓட்டம். இது தெரிந்தும் நான் ஒருமுறை ஏமாந்தேன். வாடகை வீட்டில் 2000 வாட் வாட்டர் ஹீட்டரை, பெரிய பின்னுக்கு ஒரு கன்வெர்ட்டர் மாட்டி, படுக்கையறையின் சாதாரண பிளக்கில் சொருகினேன். மூன்றாம் நாள் பிளக்கைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகிய வாடை. வந்த எலக்ட்ரீஷியன் கழற்றிக் காட்டினார். பித்தளைக் கவ்வி கறுத்திருந்தது. "வாட்டைப் பார்த்து வாங்கினீர்கள் சார், ஆம்ப்ஸைப் பார்க்கவில்லையே." 2000ஐ 230ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். அந்த பிளக் தாங்குவது 6. ஹீட்டருக்கு வேண்டியது 16 ஆம்பியர் பிளக். எலக்ட்ரீஷியன்கள் பேச்சில் 'பவர் பிளக்'. பெயர் பவர், எழுதியிருப்பது ஆம்பியர்!

செல்பேசி சார்ஜரில் இந்தக் கணக்கு நேராக வரும்: 5 வோல்ட், 2 ஆம்பியர், ஆக 10 வாட். இன்வெர்ட்டரில் அப்படி வராது. அதன் மேல் 900 'வி.ஏ.' என்று, அதாவது வோல்ட்-ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தில் (ஏ.சி.) மோட்டார் போன்றவை ஓடும்போது அழுத்தமும் ஓட்டமும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. ஆகவே பெருக்கி வருவது தோற்றத் திறன் மட்டுமே. அதில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்று சொல்லும் திறன் காரணியால் அதைப் பெருக்க வேண்டும். காரணி 0.8 என்றால் அந்த 900 வி.ஏ. பெட்டியிலிருந்து கிடைப்பது 720 வாட். கடையில் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை.